பேர் எழுதிய பரங்கி

பனிமூலையில் பரங்கிப் பிஞ்சு கைமுட்டி அளவு வந்ததுமே அதன்மேல் பேர் எழுதிவிடுவார்கள். சேலை ஊக்கின் முனையால் பச்சைத் தோலைக் கீறி எழுதுவது. கீறிய இடத்தில் ஒரு துளி கசிந்து காயும், பிறகு காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் அதோடு சேர்ந்து பெருத்து, ஐப்பசி மழையை எல்லாம் குடித்து, கார்த்திகைக் கடைசியில் கொடி வாடும்போது கண் தெரியாதவர்கூட விரலால் தடவிப் படித்துவிடலாம் என்கிற அளவுக்குத் தழும்பாய்த் தடித்து நிற்கும். மேல்மலையின் கடைசி ஊர் அது, பஸ் வந்து திரும்பிப் போகிற இடம். வேலி என்று யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஒரு வீட்டுக் கொடி நாலு வீட்டுக் கூரையில் படரும், ஆகவே காய் யாருடையது என்று கேட்டால் பேரைப் பார் என்பார்கள். பேர் யாருடையதோ காய் அவருடையது. பேர் எழுத மறந்த காயும், இலைக்கடியில் யார் கண்ணுக்கும் படாமல் வளர்ந்த காயும், பேருக்குரியவர் செத்துப்போன காயும் ஜனவரி ஆறாம் தேதி வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று கோயில் பொதுப்பந்திக்குப் போகும். அதில் அதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்லை.

எமரன்சி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. கீழே சமவெளியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் விடுதியில் இருந்து படித்தவள். அம்மா இல்லை, அப்பா சித்தியோடு திருப்பூரில். மடத்தில் அவளுக்கு இரண்டு பழக்கத்தை ஊறவைத்து அனுப்பியிருந்தார்கள். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்க வேண்டும். ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட்டால் அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சரி சொல்கிறார்கள் என்று நம்பிக்கொண்டே அவள் மலையேறினாள், ஏறி வந்து தார்சீஸுக்குப் பெண்டாட்டியானாள்.

தார்சீஸ் பூண்டு மூட்டை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன். அவன் வாயிலிருந்து மாட்டேன் என்ற சொல் வந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒரு திங்கட்கிழமைக்கு வேனை மூன்று பேருக்குச் சரி சொல்லிவிட்டு, நாலாவதாக ஒருத்தர் கிணற்று மோட்டாரைத் தூக்கிவிடக் கூப்பிட்டதற்கும் சரி சொல்லி அங்கே போய்விட்டான். மூன்று பேரும் மூட்டைகளோடு ரோட்டோரம் காத்துக் கிடந்தார்கள். சாயங்காலம் அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு சிரித்ததும் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். தார்சீஸ்மேல் எவனாவது கோபப்படுவானா, பூனைக்குட்டி மாதிரி ஆள் என்பார்கள். ரோட்டோரம் நின்றது அவள் இல்லை என்பதால் எமரன்சிக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

வயிற்றில் பிள்ளைக்கு நாலாம் மாதம் நடந்தபோது, தன் வீட்டுக் கூரையில் தொங்கிய ஒரு பிஞ்சைப் பிடித்து அவள் அச்சு எழுத்தில் அமலி என்று கீறினாள்.

பக்கத்து வீட்டு வாசலில் இருந்து அவள் நாத்தனார் மதலேன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தார்சீஸைத் தூக்கி வளர்த்த அக்கா அவள்தான். கல்யாணம் முடிந்து ஒரே வருடத்தில் தாலி இறங்கியவள், பிள்ளை இல்லை. முப்பது வருடமாக ஓடைத்தண்ணீரில் கேரட் கழுவிக் கழுவி விரல் மூட்டெல்லாம் இஞ்சிக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தன.

"யாரு பேரும்மா அது, நம்ம ஊர்ல அமலின்னு யாரும் இல்லையே?"

"பிள்ளைக்கு மதினி."

"பொறக்காத புள்ளைக்கா? பொம்பளப் புள்ளன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்களா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

"படிச்ச புள்ளைக்கு எல்லாம் தெரியும்," என்று மதலேன் சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "எனக்கப்புறம் இந்தக் குடும்பத்துல என் பேரச் சொல்ல ஒரு நாதி இல்ல. மதலேன்னு வச்சா ஆகாதா?" என்று கேட்டாள்.

வேனைக் கழுவிக்கொண்டிருந்த தார்சீஸ் தலையைத் தூக்காமலே அக்காவுக்குச் சரி என்றான். உள்ளே வந்து எமரன்சி கேட்டபோது, பேர் அமலிதான், சரி, அக்காவ நான் பாத்துக்கறேன் என்றான்.

காயும் வயிறும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன.

பனிமூலையில் சூசைராஜின் ரொட்டிக்கடையில் மட்டும்தான் செங்கல் அடுப்பு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் பன்னையும் ரொட்டியையும் இறக்கிய பிறகு அந்த அடுப்பின் வயிற்றில் விடியும் வரைக்கும் சூடு கிடக்கும், அந்தச் சூட்டை வீணாக்க மனசில்லாமல் ஊர்ப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொடுகறிக்குப் பரங்கியைக் கொண்டுபோய் அதில் வைப்பார்கள். காம்போடு சேர்த்து மேல்பக்கத்தை மூடி மாதிரி வெட்டி எடுத்து, குடலையும் விதையையும் வழித்துவிட்டு, உட்புறம் வெண்ணெய் தடவி, தட்டின கருப்பட்டியும் சுக்கும் மிளகும் பட்டையும் நாலைந்து கிராம்பும் ஜாதிக்காயில் ஒரு சுரண்டலும் போட்டு, வெட்டின மூடியை வைத்தே மூடி, தணலை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் வைத்தால், இரண்டு மணி நேரத்தில் தோல் கறுத்துச் சுருங்கி, உள்ளே சதை அல்வாவாய் இளகி, கருப்பட்டிப் பாகும் வெண்ணெயும் அடியில் குளம் கட்டி நிற்கும். கறிக்குழம்பும் சோறும் அதன் பக்கத்தில் ஒரு கரண்டி பரங்கியும் வைத்தால் மேல்மலைக் குளிரில் அதற்கு மேல் ஒருத்தருக்கு எதுவும் தேவைப்படாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் சனிக்கிழமை எமரன்சி அமலி என்ற பேர் இருந்த காயை அடுப்புக்குக் கொடுத்தாள். திரும்ப எடுத்து வருவதற்கு தார்சீஸ் சரி சொல்லியிருந்தான். இருட்டப் போகிற நேரம் வரைக்கும் அவன் வரவில்லை. யாருடைய மாட்டையோ பள்ளத்தில் இருந்து தூக்கிவிடப் போயிருந்தான். ஏழரை மாத வயிற்றோடு அவளே போய், கொதிக்கக் கொதிக்கச் சாக்கில் சுற்றித் தட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்தவள், கோயில் படிக்கட்டில் பனி வழுக்கி உட்கார்ந்த மேனிக்கு விழுந்தாள். தட்டத்தை மட்டும் விடவில்லை. அன்றைக்கே பிள்ளை பிறந்துவிட்டது.

பொம்பளைப் பிள்ளைதான். துணை சுகாதார நிலையத்து நர்ஸ் குமுதவல்லி தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றே முக்கால் கிலோ என்றாள். கீழே போகிற பாதையில் மண் சரிந்து மூன்று நாளாக பஸ் இல்லை, ஆம்புலன்ஸும் ஏற முடியாது. "புள்ளைக்கு வேற ஒண்ணும் இல்ல, சூடு மட்டும் போயிரக் கூடாது. அம்மா நெஞ்சோட ஒட்ட வச்சுக்கோ," என்றவள் எமரன்சியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டாள். ரத்தம் போனதோ பயம் புகுந்ததோ, அந்தப் பொழுதில் இருந்து எமரன்சியின் உடம்பில் சூடு தங்கவில்லை. கையும் மாரும் அதிகாலைக் குடத்துத் தண்ணீர் மாதிரி இருந்தன, பால் மட்டும் எப்படியோ வெதுவெதுப்பாக வந்தது. கம்பளியில் சுற்றினார்கள், வெந்நீர் பாட்டில் வைத்தார்கள், பாட்டில் அரைமணியில் ஆறியது. எமரன்சி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடாமல் கிடந்தாள். விரலை எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

விடிந்தபோது மதலேன்தான் பார்த்தாள். மூலையில் சாக்கோடு மறந்து கிடந்த பரங்கி, நேற்றுச் சாயங்காலம் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரியே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஆறவில்லை, மறுநாளும் ஆறவில்லை, மூன்றாம் நாள் தோலைத் தொட்டால் உச்சி வெயிலில் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. ஊசிப்போகவும் இல்லை, கிராம்பு வாசனை கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். குமுதவல்லி வந்து, பிரம்புக் கூடையில் ஒரு பக்கம் பரங்கியைத் துணி சுற்றி வைத்து மறுபக்கம் பிள்ளையைப் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, தன் குறிப்பேட்டில் 'சூடு தரும் பொருள்: பரங்கி, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிள்ளையின் கால்விரல்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக நீலத்திலிருந்து சிவப்புக்கு வந்தன.

ஊர் இதை ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மார்கழி பிறந்துவிட்டது, உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிக்கொண்டிருந்தது, சூடு எங்கே இருக்கிறதோ அங்கே கையை நீட்டுவதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றியது. காலையில் வயலுக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் உள்ளே வந்து கையைச் சூடாக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூட டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளின் நனைந்த காலுறைகளைக் கொண்டுவந்து கூடை விளிம்பில் உலர்த்தினாள். பிறகு பெண்களுக்கு ஒன்று தோன்றியது. மேல்மலைக் குளிரில் தோசை மாவு புளிப்பதே இல்லை, இரண்டு நாள் வைத்தாலும் ஆட்டின மாதிரியே கிடக்கும். அங்கே தோசை என்பது ஒரு ஆசை. ஒருத்தி தன் மாவுச் சட்டியைக் கூடைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக, காலையில் மாவு பொங்கித் தட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. மறுநாள் பன்னிரண்டு சட்டி வந்தது. பால் உறை ஊற்றிய தூக்குகள் வந்தன. பிள்ளையின் உடம்பில் தாய்ப்பாலும் கிராம்பும் புளித்த மாவும் சேர்ந்த ஒரு வாசனை ஏறியது. எத்தனை குளிப்பாட்டியும் அது போகவில்லை. பனிமூலை வரலாற்றில் முதல்முறையாக எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தோசை சுட்டார்கள், யார் வீட்டுத் தோசை என்றாலும் முதல் தோசை எமரன்சிக்கு வந்தது.

"என் அடுப்பு ராசி," என்றார் சூசைராஜ்.

"உன் அடுப்புல வெந்த பன்னு ஏன்யா செங்கல் மாதிரி இருக்கு?" என்று கேட்டார் தபால்காரர் கருப்பணன், கையைச் சூடாக்கிக்கொண்டே.

எமரன்சிக்கு இதில் எதுவும் பிடிக்காமல் இல்லை. பயந்து கிடந்த வீட்டில் நாலு குரல் கேட்டது. சட்டிகளைத் தள்ளி வைக்கச் சொல்வாள், கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வாள், அவ்வளவுதான். பாதை சரியாகி பஸ் வந்த பிறகு குமுதவல்லி பிள்ளையை மறுபடி எடை போட்டுப் பார்த்து, கீழே பெரியாஸ்பத்திரிக்கும் போனில் பேசிவிட்டு, இருநூறு கிராம் ஏறியிருக்கு, இந்தக் குளிர்ல பஸ்ல தூக்கிட்டுப் போறதுதான் ஆபத்து, தை முடியற வரைக்கும் எதையும் மாத்தாதே, கூடை இருக்கற இடத்துலயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். எமரன்சி அன்று பிள்ளையின் மூக்கில் இருந்து விரலை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினாள்.

அவள் தூங்கிய அந்த ஒரு மணி நேரத்தில்தான், பரங்கியின் மூடி ஓரத்தில் கசிந்து நின்ற பாகை மதலேன் ஆள்காட்டி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

சாயங்காலத்துக்குள் அந்த விரலின் மூட்டு வீக்கம் வற்றிவிட்டது. ஓடைத்தண்ணீரில் விட்டால் மற்ற ஒன்பது விரலும் விறைக்க அது ஒன்று மட்டும் விறைக்காமல் சிவப்பாக இருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் கேரட் கழுவுகிற இடத்தில் ஒரு விரல் மட்டும் வேகமாக வேலை செய்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமலா போகும். இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு குளிர்காய வந்தவர்கள் காயைப் பார்த்த பார்வை வேறாகிவிட்டது. தொடும்போது அழுத்தித் தொட்டார்கள், எத்தனை பேருக்கு வரும் என்று கண்ணால் கூறு போட்டார்கள், பிள்ளையைக் கொஞ்சும்போது கூடைக்குள் இன்னொன்றையும் சேர்த்துக் கொஞ்சினார்கள்.

"ஒரு வாய் தின்னா ஆயுசுக்கும் குளிராதாம்ல," என்று சூசைராஜ் ஒருநாள் கேட்டார்.

"பேர் எழுதின காய் மாமா," என்றாள் எமரன்சி.

"அது தெரியும்மா. சும்மா கேட்டேன்."

பேர் எழுதின காயைத் தொடுவது அந்த ஊரில் இல்லாத பழக்கம். அதனால் அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்கு அவளுக்கு வேறு எத்தனையோ இருந்தன.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பங்குச் சாமியார் ஜீப்பில் வருவார், வருகிற அன்றைக்கே ஞானஸ்நானமும் கொடுத்துவிடுவார். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழியாமல் வீட்டுப் படி தாண்டக் கூடாது என்பது பனிமூலை வழக்கம், ஆகவே அங்கே பிள்ளையை ஏந்திப் போவதும், சாமியார் கேட்கும்போது பேரைச் சொல்வதும் ஞானத்தாய்தான். மதலேன்தான் ஞானத்தாய் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. எமரன்சிக்கு அது முப்பத்தைந்தாம் நாள். பிள்ளையை இரண்டு கம்பளியில் சுற்றி மதலேன் கையில் கொடுத்துவிட்டு, தார்சீஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "பேர் அமலி. மதினி மறந்துட்டாக்கூட நீங்க சொல்லிரணும். தண்ணி ஊத்தின உடனே துடைச்சு அரைமணிக்குள்ள கொண்டாந்துரணும்," என்றாள்.

"சரி," என்றான்.

அரைமணிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளை அழக்கூட இல்லை. ஆனால் வாசலில் கூட்டம் நின்றது. முன்னால், சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார், அவர் பின்னால் கோயில் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர், எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றார்கள்.

எமரன்சி பிள்ளையை வாங்கிக் கூடையில் படுக்கவைத்தாள். "பேர் சொல்லியாச்சா?"

மதலேன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மதலேன் மேரி," என்றார் உபதேசியார். "நல்ல பேரும்மா. புனிதையோட பேரு."

அவள் தார்சீஸைப் பார்த்தாள். "நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"அமலின்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"அப்புறம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா முந்தாநாளே கேட்டுச்சு எமரன்சி. அதுக்கும் சொல்லியிருந்தேன்."

பேர் மட்டும்தான் போனது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் எதற்குத் தட்டத்தோடு நிற்கிறார்கள் என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், வழக்கத்தைச் சொல்வதற்காகவே பிறந்த மாதிரி ஒரு ஆள்.

"அமலின்னு இந்த ஊர்ல ஒரு உசுரு இருந்தா நாங்க தொட மாட்டோம்மா. அந்தப் பேர்ல யாரும் இல்ல. பேருக்கு ஆள் இல்லாத காய் இன்னைக்குப் பொதுப்பந்திக்கு. முறை உனக்குத் தெரியாததா?"

எமரன்சி கூடைமேல் கவிழ்ந்துவிட்டாள். தையல் போட்ட இடம் இழுத்தது. இந்த முகங்கள் எல்லாவற்றுக்கும் அவள் சட்டி வைக்க இடம் கொடுத்திருந்தாள், இவர்கள் வீட்டு முதல் தோசையைத் தின்றிருந்தாள். அவர்கள் அவளைத் தள்ளவில்லை, அதட்டவில்லை. மதலேன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"நாங்க என்ன மனுசங்க இல்லையா? உனக்கு ஒரு துண்டு கண்டிப்பா வந்துரும். நீ தின்னு. உன் உடம்புல சூடு ஏறிட்டா புள்ளைய நீயே மார்ல போட்டுக்கலாம். அதுக்கு எதுக்கு ஒரு காய்?"

"நானே கொண்டாறேன்," என்றான் தார்சீஸ். "முதல் துண்டு உனக்குத்தான். சரியா?"

முதுகில் அந்த ஒரு விரல் மட்டும் சுட்டது. எமரன்சி அந்தச் சூட்டை நம்பினாள், அல்லது நம்புவதைத் தவிர அவளுக்கு அப்போது எதுவும் மிச்சமில்லை. கவிழ்ந்தவள் நிமிர்ந்த நேரத்தில் காய் தட்டத்தில் இருந்தது. அமலி என்ற எழுத்து வாசல் வெளிச்சத்தில் தடித்துத் தெரிந்தது, பிறகு அவர்கள் முதுகு அதை மறைத்தது.

பந்தியில் நூற்று நாற்பத்து மூன்று பேர். கறிக்குழம்பும் சோறும் எல்லோருக்கும் தாராளமாக, பரங்கி மட்டும் ஆளுக்குப் பெருவிரல் நுனி அளவு. வாயில் வைத்தவுடன் ஒருத்தர் துண்டை எடுத்து உதறினார், ஒருத்தி ஸ்வெட்டரைக் கழற்றினாள், பத்து நிமிடத்தில் கோயில் முற்றம் முழுக்கக் கம்பளிக் குவியல். வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருக்க உள்ளே வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள், பாடினார்கள், மதலேன் பத்து விரலையும் விரித்து விரித்து எல்லோருக்கும் காட்டினாள். தார்சீஸ் ஓடியாடிப் பரிமாறினான்.

வீட்டில் எமரன்சி வெந்நீர் பாட்டிலை மூன்று முறை மாற்றிவிட்டாள். பிள்ளையின் கால்விரல் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் வந்தபோது சட்டை மேல் பொத்தான் திறந்திருந்தது, ஸ்வெட்டர் தோளில் தொங்கியது, கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். அவள் வாங்கிப் பிரித்தாள். இலையில் எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தது.

"வர்ற வழியில கருப்பணன் அண்ணன் நின்னாரு. தபால் பையோட மலையேறி வந்து தொப்பலா நனைஞ்சு, பல்லு கிட்டிக்கிட்டு. பந்தி முடிஞ்சிருச்சு, சட்டியையும் வழிச்சாச்சு. இதுல ஏதும் இருக்கான்னு கேட்டாரு."

"நீங்க?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். ரோட்டோரம் மூட்டையோடு நின்ற மூன்று பேருக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"நீங்க தின்னீங்களா?"

"அக்கா வாயில வச்சிருச்சு. அதனால என்ன, புள்ளைய என்கிட்ட குடு. தொட்டுப் பாரு, எப்படிக் கொதிக்குது. நான் வச்சுக்கறேன்." அவன் கையை நீட்டினான்.

எமரன்சி பிள்ளையை நெஞ்சோடு எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். "வெளிய இருந்து யாராவது தார்சீஸ்னு ஒரு குரல் குடுத்தா, சரின்னுட்டு என் பிள்ளையக் கீழ வச்சுட்டுப் போயிருவீங்க," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு நாற்பது நாள் கழியாத காலோடு படி தாண்டினாள்.

பனிமூட்டத்தில் நடுப்பகல் சாயங்காலம் மாதிரி இருந்தது. ஊரில் எல்லாக் கதவும் ஜன்னலும் காற்றுக்காகத் திறந்து கிடந்தன, இது அந்த ஊரில் மே மாதத்தில்கூட நடக்காதது. மதலேன் வாசலில் எழுந்து நின்றாள், எமரன்சி அவளைத் தாண்டிப் போனாள். ரொட்டிக்கடையில் சூசைராஜ் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் விசிறியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"உள்ள வரக் கூடாதும்மா, நாப்பது..."

"பனியனத் தூக்குங்க மாமா."

அவர் தூக்கினார். அவள் கம்பளியைப் பிரித்து, நீலம் பாரித்த அந்தச் சின்ன உடம்பை அவர் நெஞ்சு முடியின்மேல் அப்பி வைத்து, பனியனை இழுத்து மூடினாள். அடுப்பு மாதிரி இருந்தது அந்த மனிதரின் நெஞ்சு. கொஞ்ச நேரத்தில் பனியனுக்குள் இருந்து பூனை முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சூசைராஜ் மூச்சு விடாமல் நின்றார், கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எத்தனை நேரம்மா வச்சுக்கணும்?"

"அடுத்த ஆள் வர்ற வரைக்கும். கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

"என்னன்னு?"

"அமலின்னு."

அப்படித்தான் பனிமூலையில் சூட்டு முறை வந்தது. எமரன்சி அச்சு எழுத்தில் ஒரு தாளில் வீட்டு வரிசை எழுதினாள், ஆளுக்கு இரண்டு மணி நேரம். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, சொல்ல வாயும் இல்லை. பூண்டு உரிக்கிறவன் நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உரித்தான், டீச்சர் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஆறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், கருப்பணன் தபால்பை ஒரு தோளிலும் பிள்ளை நெஞ்சிலுமாக ஒரு தெரு முழுக்கப் போய்வந்தார். ஒவ்வொரு கையில் கொடுக்கும்போதும் எமரன்சி அவர்கள் அமலி என்று கூப்பிடும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் கையை எடுப்பாள். பால் கொடுக்க மட்டும் வருவாள், கொடுத்து முடித்ததும் அடுத்த நெஞ்சுக்கு மாற்றுவாள். தன் மாரில் படும் அந்த நேரத்தில் பிள்ளை சிலிர்ப்பதை அவள் உணர்வாள்.

மூன்றாம் நாள் வரிசை மதலேன் வீட்டுக்கு வந்தது. மதலேன் பாயை விரித்து, ரவிக்கை ஊக்கைக் கழற்றி, குணமான பத்து விரலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேரைச் சொல்லுங்க மதினி."

மதலேன் வாயைத் திறக்கவில்லை. எமரன்சியின் குளிர்ந்த கையில் பிள்ளை நெளிந்தது, உதடு வெளிறியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வெளியே யாரோ கேரட் மூட்டையை இறக்குகிற சத்தம் கேட்டது.

"என் பேர் அவ்வளவு கேவலமாம்மா?" என்றாள் மதலேன்.

"கேட்டிருந்தா ரெண்டாவதுக்கு வச்சிருப்பேன்."

மதலேன் நீட்டிய கையை இன்னும் நீட்டி, முப்பது வருடம் தண்ணீரோடு மட்டும் பேசிய குரலில், "அமலி, வாடி," என்றாள்.

தை முடியும்போது பிள்ளை இரண்டே முக்கால் கிலோ. உபதேசியார் ஒருநாள் கணக்கப்பிள்ளை மாதிரி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார், அவர் முறை முடிந்து பிள்ளையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஊரே அமலின்னுதான் கூப்பிடுது, சாமியார்கிட்ட சொல்லிப் பதிவைத் திருத்திரலாம் என்றார்.

"திருத்தினா காய் வருமா?" என்று கேட்டாள் எமரன்சி.

அவர் பதிவேட்டைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அப்ப இருக்கட்டும்."

காயின் தோல் மட்டும் அவளிடம் வந்திருந்தது. பந்தி முடிந்து யாரோ கழுவி, வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் காய்ந்து கிடந்தது, மூன்று எழுத்தும் அப்படியே, தொட்டால் எந்தத் தோலையும் போலக் குளிர்ச்சி.

கருப்பணனோடு சேர்த்துத் தின்றவர்கள் நூற்று நாற்பத்து நாலு பேர், சூட்டு முறைத் தாளில் வரிசை நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு. தார்சீஸ் தினமும் அதை எடுத்துப் பார்ப்பான். வேனை வெளியே எடுக்காமல், கூப்பிட்ட குரலுக்குப் போகாமல், வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கப் பழகியிருந்தான். ஒருநாள் யாரோ மோட்டார் தூக்கக் கூப்பிட்டதற்கு, வர முடியாது என்று அவன் சொன்னதாக ஊர் முழுக்கப் பேச்சு. அன்றைக்கு எமரன்சி சூசைராஜ் கடையில் இருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தபோது, அவன் பின்னாலேயே வந்தான்.

"எமரன்சி. எல்லார் வீட்டுக்கும் ரெண்டு சுத்து வந்துருச்சு. நானும் தின்னவன்தான. இன்னைக்காவது என் நெஞ்சுல ஒரு தடவ போடு. பேரு சொல்றேன். அமலின்னு ஆயிரம் தடவ சொல்றேன்."

அவள் நின்று திரும்பினாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிவைத்திருந்தான், திறந்த நெஞ்சில் இருந்து குளிர்காற்றில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. பிள்ளை அவள் கையின் குளிரில் முகத்தைச் சுளித்து அந்தச் சூடு வந்த பக்கம் தலையைத் திருப்பியது. தின்ற நெஞ்சுகளில் எல்லாம் நெருங்கிய நெஞ்சு அதுதான், வீட்டிலேயே இருக்கிற நெஞ்சு. அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

"சரி," என்றாள் எமரன்சி.

சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கம்பளிக்குள் இறுக்கிக்கொண்டு, அடுத்த வீட்டுப் படியேறிப் போனாள்.